பதினாலு கிணறும் ஒரே நொடியில்

போன மாதம் எங்கள் பழைய பட்டறையிலிருந்து போன் வந்தது. களம்பூர்ப் பக்கம் ஒரே லைனில் அடுத்தடுத்து மோட்டார்கள் எரிகின்றனவாம். அங்கே இப்போது விவசாயிகள் பலரிடமும் போன் ஸ்டார்ட்டர் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்ததும் வீட்டில் இருந்தபடியே மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, எங்கள் பேச்சில் காயிலை, மாற்றிக் கட்டியும் மறுபடி எரிகிறது, என்ன செய்யலாம் அண்ணே என்று கேட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில்தானே போடுகிறார்கள் என்று கேட்டேன். ஆமாம், இங்கே வராமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்கள். செய்ய வேண்டியதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை எழுதித் தரச் சொல்லி அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் நான் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். ஆரணியில் பட்டுத் தறி ஓடும் தெருவில் பிறந்தவன். அண்ணன்கள் தறியில் உட்கார்ந்தார்கள், நான் கரீம் பாய் பட்டறையில் உட்கார்ந்தேன். முதல் மூன்று வருஷம் எரிந்த காயிலை வெட்டி எடுப்பது, காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, காகிதம் மடித்துச் செருகுவது, இவ்வளவுதான் வேலை. நான்காம் வருஷம் கம்பியைத் தொட விட்டார். பத்தாம் வருஷத்துக்குள் நான் கட்டிய மோட்டார் என்றால் விவசாயிகள் மறுபேச்சில்லாமல் எடுத்துப்போவார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. என் கை சுத்தமான கை.

கரீம் பாய்க்கு அவசரம் என்பதே கிடையாது. நெல்லுக்குத் தண்ணீர் இல்லாமல் போகிறது, ஜல்தியாக முடித்துக் கொடுங்கள் பாய் என்று வாசலில் நின்று கத்துவார்கள். அவர் தலை நிமிராமல், "ஜல்தியா கட்டினா ஜல்தியா எரியும்" என்பார். மோட்டாரைக் கழற்றியதும் எரிந்த காயிலை யாரும் வெட்டக் கூடாது. முதலில் அதை வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். அவர் டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்பார். மோட்டாருக்குள் மூன்று கூட்டமாகக் காயில் இருக்கும், மின்சாரத்தின் மூன்று முனைக்கும் ஒவ்வொரு கூட்டம். நம் பக்கத்துப் பம்பு மோட்டாரில் ஒரு கூட்டம் மட்டும் கருகி மற்றவை பளபளவென்று இருந்தால், ஒரு முனை வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எங்கோ ஓர் இடத்தில் பொட்டு மாதிரி கருகியிருந்தால் ஈரம் இறங்கியிருக்கும், அல்லது கட்டியவன் தப்பு. மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை தாங்காமலோ, போதிய வோல்டேஜ் இல்லாமலோ மோட்டார் திணறியிருக்கிறது. காரணம் என்ன என்று தெரிந்த பிறகுதான் சுற்றின் எண்ணிக்கையை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து எழுதிக்கொண்டு வெட்ட விடுவார். காரணம் தெரியாமல் கட்டிக் கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பாலிஷ் போட்டுக் கொடுக்கிற வேலை என்பார்.

கூடுமானால் கிணற்றுக்கே போய்விடுவார். ஒருமுறை ஒருவர் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டுப் பத்து போட வேண்டும் என்று வந்தார். தண்ணீர் போதவில்லையாம், ஒரு காணி நனைய நாள் முழுக்க ஆகிறதாம். பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு இரும்பு டிரம்மை வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்தார். பிறகு குழாயை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். சின்னக் குழாய், அதில் நாலு முழங்கை வளைவு, கிணற்றின் அடியில், குழாய் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு முழுக்கப் பாசி. கொஞ்சம் பெரிய குழாயாக மாற்றி, வளைவு இரண்டைக் குறைத்து, வால்வைச் சுத்தம் செய்தோம். அதே ஐந்து குதிரைத்திறனில் அதே டிரம் முன்பு ஆன நேரத்தில் பாதியில் நிரம்பியது.

அந்த மனிதருக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் அவர் ஒரு கேள்வி கேட்டார். கரண்ட் இலவசம், பத்து போட்டால்தான் என்ன? பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "கரண்டு உனக்கு இலவசம். இந்த லைன்ல உனக்குக் கீழே இருக்கிறவனுக்கு அது இல்லாமப் போவுதே, அத யாரு குடுக்கிறது?" என்றார். அந்தப் பேச்சை நான் அப்போது காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

ஆட்டோ பெட்டி வந்தது அதற்குப் பிறகுதான். மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் இருக்கும். அது வருகிற நேரம் பார்த்து விவசாயி கிணற்றடிக்கு ஓட வேண்டும். ஆட்டோ பெட்டி மாட்டிவிட்டால் மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடும். எனக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. ரிலே, டைமர் எல்லாம் வாங்கி நானே பெட்டி செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் களம்பூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போய் மாட்டிக் கொடுப்பேன். அந்த ஊரில் ஒரே டிரான்ஸ்பார்மரில் பதினாலு கிணறு இருந்தது. ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் என்று இரண்டு வருஷத்தில் பதினாலுக்கும் போட்டுவிட்டேன்.

பெட்டியில் டைமர் ஒன்று உண்டு. மின்சாரம் வந்து எத்தனை வினாடி கழித்து மோட்டார் எடுக்க வேண்டும் என்று அதில் திருப்பி வைக்கலாம். நான் முதலில் கொஞ்சம் தாமதம் வைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொருவரும், பக்கத்துக் கிணறு எனக்கு முன்னால் எடுக்கிறதே, எனக்கு உடனே எடுக்கிற மாதிரி வைத்துக் கொடு என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் டைமரின் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தேன். நன்றாக வேலை செய்தவன் என்று பெயர் வாங்கினேன். பதினாலு பேரும் முதல் ஆள்.

அந்தப் பதினாலில் கடைசிக் கிணறு வள்ளியம்மாளுடையது. டிரான்ஸ்பார்மரிலிருந்து ரொம்ப தூரம், நடுவில் மெல்லிய கம்பி, சாய்ந்த கம்பங்கள். கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார், இரண்டு ஏக்கர் நெல்லை வள்ளியம்மாள்தான் தனியாகப் பார்த்தார். எனக்கு அக்கா வயது. எல்லோரையும் விடக் கடைசியாக ஆட்டோ பெட்டி போட்டவரும் அவர்தான், மார்கழி வாக்கில் தொடங்கும் நவரை நெல் பட்டத்து ஆரம்பத்தில். பெட்டி போட்ட சில நாளில், மோட்டார் எடுக்கும்போதே ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுகிறது என்றார். இந்த ரிலே என்பது மோட்டார் திணறினால் அதைத் தானாக நிறுத்திக் காப்பாற்றும் சாதனம். அது ஏன் விழுகிறது என்று நான் கேட்கவில்லை. விழாத அளவுக்கு அதை ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மாதம் ஒன்று முடிவதற்குள் அவர் மோட்டார் எரிந்தது. நான் கட்டிக் கொடுத்தேன். மறுபடியும் எரிந்தது. அப்போது பாய் தன் மகள் கல்யாண வேலையாக வேலூருக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். இரண்டு தடவையும் நானே திறந்து, நானே வெட்டி, நானே கட்டினேன். காயிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. அவசரம் என்றார்கள், செய்தேன்.

மூன்றாவது தடவை எரிந்தபோது நெல் பால் பிடிக்கிற பருவம். அந்தச் சமயத்தில் மண் காய்ந்தால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. வள்ளியம்மாள் ஷேர் ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினார். அன்றைக்குப் பாய் இருந்தார். வேறு நாலைந்து விவசாயிகளும் இருந்தார்கள்.

"பாய், உங்க பட்டறைல பழைய கம்பியப் போட்டுக் கட்டிகினு இருக்காங்க. மூணு வாட்டி. என் பயிரு பதராப் போவுது. யாரு பதில் சொல்றது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு முழம் பழைய கம்பியும் நான் போட்டதில்லை. நான் பதில் சொல்ல வாய் திறந்ததும் பாய் கையைக் காட்டி நிறுத்தினார். மோட்டாரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அதை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி வைத்து, டீ கூட இல்லாமல் ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று கூட்டமும் ஒரே சீராக, அடுப்பில் வைத்து வறுத்த மாதிரி கருகியிருந்தது.

"கம்பி புதுசு. கட்டுனதும் நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று வள்ளியம்மாளிடம் சொன்னார். எனக்குச் சந்தோஷம். அடுத்து என்னைப் பார்த்து, முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் கருகியிருந்ததா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். அவர் முகத்தை வள்ளியம்மாள் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கரண்ட் வரும்போது மோட்டார் எப்படி எடுக்கிறது என்று வள்ளியம்மாளைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. ஆட்டோ இருக்கும்போது நான் எதற்குப் போய் நிற்க வேண்டும், நான் வரப்பில் மடை திருப்பிக்கொண்டிருப்பேன் என்றார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மும்முனை வரும் என்றும் சொன்னார்.

மறுநாள் பட்டறையில் இருந்த மாற்று மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு எட்டரைக்கே போய்விட்டோம். அதைப் பம்பில் பூட்டி, வோல்ட்மீட்டரை ஸ்டார்ட்டர் பலகையில் மாட்டினேன். ஆம்பியர் பார்க்கிற டாங் டெஸ்டரைக் கம்பியில் கவ்வ வைத்தேன். பாய் ஸ்டார்ட்டரின் நிறுத்துகிற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வள்ளியம்மாள் கதவோரம் நின்றார்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்தது. வோல்ட்மீட்டர் முள் நானூறைத் தாண்டியது. அடுத்த நொடி எங்களைச் சுற்றிப் பதினாலு கிணற்றடியிலும் பெட்டிகள் டக் டக் என்று அடித்தன, பதினாலு மோட்டாரும் சேர்ந்து உறுமின. முள் முந்நூறுக்கும் கீழே விழுந்தது. எங்கள் மோட்டார் சுற்றவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு உறுமியது. டாங் டெஸ்டர் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. பாய் பொத்தானை அழுத்திவிட்டார். மொத்தமே மூன்று நொடி இருக்கும், அதற்குள் மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு. தூரத்தில் மற்ற மோட்டார்கள் ஒவ்வொன்றாக வேகம் பிடித்து ஓடும் சத்தம் கேட்டது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருப்பவை எப்படியோ எடுத்துவிடுகின்றன. கடைசியில் இருக்கிற இது மட்டும் எடுக்க முடியாமல் நின்று எரிகிறது. காப்பாற்ற வேண்டிய ரிலேவை நான் ஏற்றி வைத்திருக்கிறேன்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பாய் ஆட்டோ பெட்டியைத் திறந்து டைமரைப் பார்த்தார்.

"இத யாரு வச்சது?"

"நான்தான் பாய்."

"மத்த பதிமூணு?"

"அதுவும் நான்தான்."

அவர் வெளியே போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டார். "அப்ப நீயே சொல்லிடு" என்று அங்கிருந்தே சொன்னார். குரலில் கோபம் இல்லை.

வள்ளியம்மாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொன்னேன். "அக்கா, உங்க மோட்டார எரிச்சது நான்தான். கம்பி நல்ல கம்பி. நான் வச்ச பெட்டிதான் தப்பு." எப்படி என்பதையும் சொன்னேன். ஓடும்போது இழுப்பதைவிட எடுக்கும்போது மோட்டார் பல மடங்கு இழுக்கும், பதினாலு பேரும் ஒரே நேரத்தில் எடுப்பதால் அவர் கிணற்றுக்கு வருவதற்குள் மின்சாரம் வற்றிவிடுகிறது. போன பட்டம் வரை மற்ற மோட்டார்கள் வேகம் பிடித்த பிறகு அவர் கடைசியாக வந்து கையால் போட்டார், அதனால் எரியவில்லை. நான் வந்து அவரையும் முதல் ஆளாக்கினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இன்னிக்குத் தண்ணி பாயுமா பாயாதா, அதச் சொல்லு" என்றார்.

பாயும் என்றேன். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் இருவரிடம் ஓடிப்போய், ஐந்து நிமிஷம் உங்கள் மோட்டாரை நிறுத்துங்கள் என்று கேட்டேன். நிறுத்தினார்கள். வோல்டேஜ் ஏறியதும் கையால் போட்டோம். மோட்டார் எடுத்தது. அது ஓட ஆரம்பித்ததும் அவர்களும் போட்டுக்கொண்டார்கள். முள் கொஞ்சம் இறங்கியது, ஆனால் ஓடுகிற மோட்டார் நிற்கவில்லை. வள்ளியம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போய்விட்டார். நாங்கள் அங்கே இருந்ததையே மறந்துவிட்ட மாதிரி போனார்.

ஆனால் தினமும் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. வரிசை வைக்க வேண்டும் என்றார் பாய். அதுவும் தலைகீழ் வரிசை. கடைசிக் கிணறு முதலில், முழு வோல்டேஜ் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பிறகு பதினைந்து நொடி விட்டு அதற்கு முந்தின கிணறு. இப்படியே மேலே போய், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் கிணறு கடைசி.

அந்தக் கிணறு கோவிந்தசாமியுடையது. முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர், இன்றும் ஊரில் அவர் சொல்தான். சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் எல்லோரையும் கூட்டினோம். பாய் பேசவில்லை, என்னைத்தான் பேச வைத்தார். மூன்று முறை அந்த அம்மா மோட்டார் எரிந்ததற்குக் காரணம் நான் என்பதைப் பதிமூன்று பேர் முன்னால் சொன்னேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் முதலிடம் கொடுத்தேன், அப்படி ஒரு இடமே கிடையாது என்றேன். பன்னிரண்டு பேர் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார்கள். கோவிந்தசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"டிரான்ஸ்பார்மருக்கு இடம் வுட்டவன் நான். நான் கடைசியா?"

"மூணேகால் நிமிஷம்தான் தலைவரே. நாளைக்கு ஒரு நாள் மட்டும் வுடுங்க. உங்க மோட்டார் பக்கத்துல நான் நிக்கிறேன். புடிக்கலைன்னா உங்க முன்னாடியே பழையபடி திருப்பி வச்சுட்டுப் போறேன்."

ஒரு நாள்தான் என்று சொல்லிவிட்டுக் கோவிந்தசாமி எழுந்து போனார். இருட்டுவதற்குள் பதினாலு பெட்டியையும் திறந்து டைமரைத் திருப்பினேன். வள்ளியம்மாளின் ரிலேவை இறக்கிச் சரியான இடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை பாய் கடைசிக் கிணற்றில் நின்றார். நான் கோவிந்தசாமியின் கிணற்றடியில் மீட்டரோடு நின்றேன். அவரும் வந்து பின்னால் கை கட்டி நின்றார். ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்தது. அவர் பெட்டி அசையவில்லை. தெற்கே ரொம்ப தூரத்தில் ஒரே ஒரு மோட்டார் எடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. சத்தம் கிணறு கிணறாக எங்களைப் பார்த்து வந்தது. அவர் தெற்கே தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் பெட்டி டக் என்றது. மோட்டார் ஒரே மூச்சில் எடுத்தது. முதல் நாள் அவர் மோட்டாரே வேகம் பிடிக்க எவ்வளவு இழுத்தது என்பது அவருக்குத் தெரியும். நான் மீட்டரைக் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, குழாய் வாயில் தண்ணீர் விழுகிற வேகத்தைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறுவடையில் வள்ளியம்மாளின் இரண்டு ஏக்கரில் மேட்டு மூலை மட்டும் பதராகிவிட்டது. மற்றதெல்லாம் மணி பிடித்துவிட்டது. அந்த மூலைக்கு நான்தான் பொறுப்பு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அந்த லைனில் அடுத்த நாலு பட்டம் ஒரு மோட்டாரும் எங்கள் பட்டறைக்கு வரவில்லை. பட்டறைக்கு வேலை குறைந்ததே என்று பாயிடம் யாரோ கேட்டதற்கு, ஆரணியைச் சுற்றிக் கிணற்றுக்கா பஞ்சம் என்றார். அதற்கப்புறம் நான் போட்ட எந்த ஆட்டோ பெட்டியையும், அந்த லைனில் மொத்தம் எத்தனை கிணறு என்று விசாரிக்காமல் போட்டதில்லை. தெரியாமல் செய்ததற்கு வெட்கப்பட்டேன், தெரிந்துகொண்டதற்கு வெட்கப்படவில்லை.

ஒரு வருஷம் கழித்து வள்ளியம்மாள் பட்டறைக்கு வந்தார். எரிந்த மோட்டார் எதுவும் கையில் இல்லை. ஸ்டார்ட்டரில் வோல்ட்மீட்டர் ஒன்று நிரந்தரமாக மாட்ட வேண்டும், டைமரை எப்படித் திருப்புவது என்று சொல்லித் தர வேண்டும் என்றார். "நீ வந்து வச்சுட்டுப் போனா, அடுத்தாளு வந்து மாத்திகினு போவான். எனக்கே தெரிஞ்சிருக்கணும்." போய் மாட்டினேன். திருகை அவரையே திருப்ப வைத்தேன். நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, போதும், நீ கெளம்பு தம்பி என்றார்.

பிறகு அந்த லைனில் இரண்டு புதுக் கிணறு வந்தது. வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்று கோவிந்தசாமி ஆளனுப்பியதாகக் கேள்விப்பட்டு, என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஆளனுப்பியது எனக்கு இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வள்ளியம்மாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கோவிந்தசாமி டார்ச் பிடித்துக்கொண்டு, எத்தனை நொடி வைக்கலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.